நாலாக மடித்த ஏப்ரன்

முதலியார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவன் தாஜுதீன். ஊரில் பாதிப் பேருடைய முட்டியும் முதுகும் அவனுக்குத் தெரியும். முகம்தான் நினைவில் நிற்காது. கடற்கரையில் யாராவது நின்று, "என்ன பாய், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். அவரே இடது தோளைத் தொட்டுக் காட்டி, "வண்டியிலேர்ந்து விழுந்தேனே" என்றதும், "அடடே, நீங்களா!" என்று முகம் மலர்ந்துவிடும். அல்லாஹ் தன் மண்டைக்குள் மற்றவர்களின் கழுத்துக்குக் கீழே மட்டும்தான் இடம் ஒதுக்கியிருக்கிறான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதற்கு விஷயமும் நிறையவே இருந்தது. அவனுடைய அத்தா பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இப்போது அண்ணன் நடத்துகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் தாஜுதீனையும் கடையில் உட்கார வைப்பார்கள். பேரம் பேச அவனுக்கு வாய் வரவில்லை. வந்தவர்கள் பிரித்துப் பார்த்து வேண்டாமென்று தள்ளிய புடவைகளை மடிக்க மட்டும் கை வந்தது. "இவன் கடையில இருந்தா யாவாரம் ஆவுதோ இல்லையோ, மடிப்பு நல்லா விழுது" என்று சலித்துக்கொண்ட அத்தா, கடைசியில் அவனை எக்ஸ்ரே டிப்ளமோவுக்கு அனுப்பிவைத்தார்.

கடை அவனை விட்டுப் போனது, பழக்கம் போகவில்லை. டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெய்க் கையோடு நாலாக மடித்துத்தான் குப்பையில் போடுவான். துணி என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், நுனியோடு நுனி சேர்த்து, உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்து, தட்டி வைத்தால்தான் அவனுக்கு மூச்சு சீராகும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது பெரும்பாலும் அவன் ஈயக் கண்ணாடி வைத்த தடுப்புக்குப் பின்னால்தான் நிற்பான். ஆனால் சிலரைத் தனியாக விட முடியாது. துள்ளுகிற குழந்தை, நிற்க முடியாத கிழவர். கூட வந்தவரும் கையை உதறிவிட்டால் இவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்காக ஒரு ஏப்ரன் உண்டு. உள்ளே ஈயம் கலந்த ரப்பர் தாள் வைத்துத் தைத்த, தோளிலிருந்து முட்டி வரைக்கும் தொங்குகிற கனமான அங்கி. அதைத் தாஜுதீன் மரியாதையாகத்தான் வைத்திருந்தான். சாயங்காலம் ஆனதும் ஈரத்துணியால் துடைத்து, நாலாக மடித்து, மடிப்பை அழுத்தித் தடவி, அலமாரியில் வைப்பான். சுவரில் ஏப்ரனுக்கென்றே அடித்திருந்த கம்பியில் அவனுடைய சாப்பாட்டுப் பை தொங்கியது.

எக்ஸ்ரே கதிரைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கிற பயமெல்லாம் அவனிடம்தான் வந்து இறங்கும். வயசுப் பெண்கள் வந்தால், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "மாசம் தள்ளிப் போயிருக்குதாம்மா?" என்று கேட்பான். சந்தேகம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவான். இளைஞர்கள் இடுப்பு எக்ஸ்ரே என்றதும் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு நெளிவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், எக்ஸ்ரேயை 'ரேதியோ' என்றுதான் சொல்வார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், மேசையில் படுத்தபடி கவலையோடு கேட்டார்.

"ஏம்பா, இந்த ரேதியோ புடிச்சா இன்னமே எனக்குப் புள்ள பொறக்காதாமே?"

"ஒண்ணும் ஆகாது முசியே. ஆபத்து சைபர். தைரியமா பெத்துக்குங்க."

எல்லோருக்கும் அவன் சொல்வது அதையேதான். ஒண்ணும் ஆகாது, சைபர். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கும் மடிப்பு விழுந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் எடுபட்ட வார்த்தை சொந்தக் கல்யாணத்தில் எடுபடவில்லை. "எக்ஸ்ரே ரூம்ல வேலையா? புள்ள தங்குமா?" என்று இரண்டு மூன்று பெண் வீடுகள் நழுவிவிட்டன. அம்மா ஜஹபர் நிஷா அழுதே விட்டார். கடைசியாகக் கருவடிக்குப்பத்தில் ஃபரீஹாவின் வீட்டிலிருந்து வரச் சொன்னபோது, தாஜுதீன் ஒரு முடிவோடு கிளம்பினான். ஏப்ரனை நாலாக மடித்து, அண்ணன் கடையின் பட்டுப்புடவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டான். கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

பெண்ணின் அத்தா முகமெல்லாம் சிரிப்பாகப் பையை வாங்கினார். வாங்கிய வேகத்தில் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

"என்னா மாப்ள, இவ்ளோ கனம் கனக்குது? முழுக்க ஜரிகையா?"

உள்ளே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரித்தால் கருநீல ரப்பர் அங்கி. "இதான் மாமா பாதுகாப்பு. இதப் போட்டுக்கினா கதிரு உள்ள பூராது. புள்ளகுட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதோடு விடாமல், கூடத்தின் நடுவில் நின்று மாட்டியும் காட்டினான். முன்னும் பின்னும் திரும்பி வேறு காட்டினான். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டுக் கிளம்பியது. சிரித்தவள் ஃபரீஹா. சம்மதம் சொன்னவளும் அவள்தான். ஏன் சம்மதித்தாள் என்று பிற்பாடு கேட்டதற்கு, "இவ்ளோ வெக்கமில்லாம ஒரு ஆளு இருக்க முடியுமான்னு கிட்ட வந்து பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

ஃபரீஹா ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் எதையும் வரிசையில் வைக்கத் தோன்றாது. காய்ந்த துணியை நாற்காலியில் குவித்து, வேண்டும்போது வேண்டியதை உருவிக்கொள்வாள். அவள் குவிப்பாள், அவன் மடிப்பான். இருவருக்கும் இடையில் சண்டைக்கு வேறு காரணம் கிடைக்காததால் குடும்பம் நன்றாகவே நடந்தது.

பிள்ளைதான் வரவில்லை. நாலு வருஷம் ஓடியது. இருவரையும் சோதித்த டாக்டர் குறை ஒன்றும் இல்லை, பொறுங்கள் என்றார். சொந்தக்காரர்கள் பொறுக்கவில்லை. கல்யாண வலீமா விருந்துகளில் அவனுடைய பிரியாணித் தட்டுக்கு மேலேயே அவன் வேலையைப் பற்றிப் பேசினார்கள். தாஜுதீன் எல்லோரையும் முந்திக்கொண்டு, "மெஷினு என்னையப் பாத்து பயந்துடுச்சு, அதான்" என்று சிரிப்பான். வீட்டுக்கு வந்து, மடித்து வைத்த துணிகளையே எடுத்து மறுபடி மடிப்பான். ஃபரீஹா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். ஐந்தாவது வருஷம் அவளுக்கு நாள் தள்ளியது. அன்றைக்கு ஸ்கேன் சென்டருக்கு வந்த அத்தனை பேருக்கும் தாஜுதீன் செலவில் டீ கிடைத்தது. எக்ஸ்ரேக்காரனுக்குப் பெண் குழந்தைதான் பிறக்கும் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கூட வேலை செய்பவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்தபோது, "எந்தப் புள்ளையா இருந்தாலும் மடிச்சு வாங்கிக்குறேன்" என்றான்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அருள்முருகன் வந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே மெஷினைச் சோதிக்க வருகிற இன்ஜினியர். முன்பெல்லாம் வந்தவர் மெஷினைத் தட்டிப் பார்த்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். இவன் வேலைக்குப் புதுசு.

"ஏப்ரன் எங்க பாய்?"

தாஜுதீன் உள்ளே போய் இரண்டு கையிலும் ஏந்தி எடுத்து வந்தான்.

"என்ன பாய், பொடவ மாதிரி மடிச்சு வச்சிருக்கீங்க?"

"எங்களுக்கு ஜவுளிக்கட சார்" என்றான் தாஜுதீன், பாராட்டு என்று நினைத்து.

அருள்முருகன் ஏப்ரனை எக்ஸ்ரே மேசையில் விரித்துப் போடச் சொன்னான். விரித்ததைப் படம் எடுக்கவும் சொன்னான். ஆயிரக்கணக்கான பேரைப் படம் எடுத்திருந்த தாஜுதீன், தன் ஏப்ரனைப் படம் எடுத்தது அன்றைக்குத்தான். திரையில் ஈயம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதன் மேல் நெடுக்கே ஒரு கறுப்புக் கோடு, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து இழுத்திருந்தால்கூட அவ்வளவு நேராக வராது. இரண்டும் இடுப்புக்கு ஒரு சாண் கீழே, எந்த இடத்தை மறைக்க அந்த ஏப்ரன் பிறந்ததோ சரியாக அந்த இடத்தில், வெட்டிக்கொண்டன.

"ஈயம் வெடிச்சுப் போச்சு பாய். கதிர் இது வழியா வரும். மடிக்கவே கூடாது, தொங்க விடணும். கம்பி அடிச்சுக் குடுத்திருப்பாங்களே?"

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். கம்பியில் சாப்பாட்டுப் பை பத்திரமாக இருந்தது.

டிப்ளமோவில் இதைச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த வகுப்பில் தாஜுதீன் யாருடைய கைக்குட்டையையாவது மடித்துக்கொண்டிருந்திருப்பான். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஃபரீஹாவின் வயிறு கண் முன்னால் வந்து நின்றது. கல்யாணத்துக்கு முன்பிருந்து இன்று வரைக்கும், குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும், அந்த விரிசல் வழியாக என்னென்ன உள்ளே போனதோ. அது அவன் உடம்போடு நின்றதா, பிள்ளைக்கும் போயிருக்குமா?

கதிர் அளவைக் காட்டும் பேட்ஜ் ஒன்றை அவன் எப்போதும் சட்டையில் குத்தியிருப்பான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போய் வரும். கவலைப்பட ஒன்றும் இல்லை என்றுதான் வரும். அதை நினைத்து ஒரு நிமிஷம் ஆறுதல் அடைந்தான். அடுத்த நிமிஷம், பேட்ஜ் இருப்பது மார்பில், விரிசல் இருப்பது கீழே என்று மூளை எடுத்துக் கொடுத்தது. மற்ற நேரத்தில் வேலை செய்யாத மூளைக்கு இதில் மட்டும் என்ன கூர்மை.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டான், செல்போனில் தேடிப் படித்தான், படித்ததை நினைத்துச் சாப்பாட்டை விட்டான். பிறக்கும் பிள்ளையின் உள்ளங்கையில் குறுக்கே ஒரே கோடு இருந்தால் சில சமயம் மரபணுக் கோளாறின் அடையாளம் என்று எங்கோ போட்டிருந்தது. நாலைந்து நாள் இப்படிப் போயிற்று. ஒரு சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு எழுந்தவன் தொழுகைப் பாயை விரித்தது விரித்தபடி விட்டுப் போனதைப் பார்த்துத்தான் ஃபரீஹா அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என்னங்க ஆச்சு? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் பாய மடிக்கல?"

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பட்டுப்புடவைப் பையில் ஏப்ரன் வந்த கதையை நினைத்தோ என்னவோ, ஃபரீஹாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "எங்கத்தா முன்னாடி மாட்டிக் காட்டினீங்களே, அதுவா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"ஊருக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வீங்களே. எனக்கு இப்ப சொல்லுங்க பாப்போம்."

தாஜுதீன் வாயைத் திறந்தான். தினம் முப்பது பேருக்குச் சொல்கிற அந்த வார்த்தை, இந்த ஒருத்தியிடம் சொல்ல வரவில்லை. ஃபரீஹா அழுதாள். அழுதுகொண்டே, நாற்காலியில் குவிந்திருந்த துணியைக் கீழே தள்ளிவிட்டாள். அதை அவன் எடுக்கவும் இல்லை.

மறுநாள் இருவரும் ஸ்கேன் சென்டரின் டாக்டர் தீபலட்சுமியிடம் போய் உட்கார்ந்தார்கள். தாஜுதீன் எடுக்கிற படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர். விரிசல் படத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தாஜுதீனுக்குத் தெரிந்தது.

"மொதல்ல ஒண்ணு. நீங்க முக்காவாசி நேரம் தடுப்புக்குப் பின்னாலதான் நிக்கிறீங்க. எப்பவாச்சும் புள்ளைங்களப் புடிக்கும்போது உங்க மேல தெறிக்கிறது ரொம்பக் கொஞ்சம். அதுலயும் ஏப்ரன் முழுசா போயிடல, ரெண்டு கோடுதான் போயிருக்கு. ஆம்பளைக்குப் புள்ள பெக்கற சக்தி குறையணும்னா அதவிட எத்தனையோ மடங்கு கதிர் படணும். உங்களுக்குத்தான் டெஸ்ட் நார்மலா வந்துச்சே."

"புள்ளைக்கு மேடம்?" என்றாள் ஃபரீஹா.

"அணுகுண்டு விழுந்த ஊர்ல தப்பிச்சவங்களுக்கு அப்புறமாப் பொறந்த புள்ளைங்களப் பல வருஷமாப் பாத்துக்கினு வராங்க. பெத்தவங்க மேல பட்ட கதிரால புள்ளைங்களுக்கு மரபுக் கோளாறு கூடுச்சுன்னு தெரியல. எலியிலயும் பழ ஈயிலயும் கூடுதுன்னு கண்டுபுடிச்சிருக்காங்க. அதனாலதான் மனுஷனுக்கும் ஜாக்கிரதை வேணும்ன்றாங்க. ஏப்ரன் எல்லாம் அந்த ஜாக்கிரதைதான்."

"அப்ப ஆபத்து சைபரா மேடம்?" என்று தாஜுதீன் கேட்டான். தன் வார்த்தையைத் தானே பிச்சை கேட்பது போலிருந்தது அவனுக்கு.

"சைபர்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் தாஜுதீன். ரொம்ப ரொம்பக் கொறச்சல். கதிரே படாதவங்களுக்கும் நூத்துல ரெண்டு மூணு புள்ளைங்க ஏதோ ஒரு குறையோட பொறக்குது. அதுக்கு மேல உங்களால கூடுறது கண்ணுக்கே தெரியாது."

நியாயமான பதில்தான். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது தாஜுதீனுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் காதில் மிஞ்சியிருந்தது: சைபர்னு சொல்ல மாட்டேன். அத்தனை வருஷமாக மேசையில் படுத்தவர்கள் அவன் சொன்ன சைபரைக் கேட்டு, நம்புவதா வேண்டாமா என்று ஏன் விழித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. அதன் பிறகு யாருக்கும் அவன் சைபர் சொல்லவில்லை. "ரொம்பக் கொறச்சல்தாங்க, தேவைன்னுதான் டாக்டர் எழுதியிருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான். புது ஏப்ரன் வந்து கம்பியில் தொங்கியது. வீட்டிலும் அவன் எல்லாத் துணியையும் ஹேங்கரில் மாட்டத் தொடங்கினான். உள்பனியனுக்கும் ஹேங்கர். பீரோவுக்குள் கதவு மூட இடமில்லை. "வேணாங்க, மடிச்சுடுங்க" என்று ஃபரீஹா கெஞ்சியும் கேட்கவில்லை.

ஒரு காலை நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, மற்ற தகப்பன்கள் போலக் கொஞ்சத் தெரியாமல், தாஜுதீன் பிள்ளையைப் படம் பார்ப்பது போலப் பார்த்தான். மண்டை, கழுத்தெலும்பு, முதுகு, கால் விரல்கள். எல்லாம் சரி. இடது கை சரி. வலது கை மூடியிருந்தது. விரல்களை மெல்லப் பிரித்தான். உள்ளங்கையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், நேராக ஒரே ஒரு கோடு.

அதைவிட நேராக அவன் அத்தா கடையில்கூட ஒரு மடிப்பு விழுந்ததில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. தன்மேல் அருவருப்பாக இருந்தது. மடித்தேன், மடித்தேன், என் பிள்ளை கையிலும் மடித்துவிட்டேன். எப்படி இருந்தாலும் அவள் அவனுடைய பிள்ளைதான், அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்றுதான் தெரியவில்லை.

ஃபரீஹாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு கட்டில் பக்கம் போனான். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன கண்டுபுடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"நீங்க ஒண்ணும் இல்லன்னா ஏதோ இருக்கு. சொல்லுங்க."

பிள்ளையின் கையைப் பிரித்துக் காட்டினான். "ஒரே கோடு ஃபரீஹா. நான் படிச்சேன். என்னாலதான்."

ஃபரீஹா சோர்ந்த கண்ணால் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உங்க வலது கையக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்றேன்ல."

அவன் கையை வாங்கி, விரித்து, பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரிய உள்ளங்கையில் நேராக ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சின்ன உள்ளங்கையில் அதே கோடு.

தாஜுதீன் தன் கையை முதல்முறையாகப் பார்ப்பவனாகப் பார்த்தான். பார்க்கப்போனால் அது உண்மையும்தான். எத்தனை ஆயிரம் கைகளைப் படம் எடுத்திருக்கிறான். எலும்பு விழுகிற படத்தில் ரேகை விழுவதில்லை. "இது எனக்கும் இருக்குதா?" என்று கேட்டான். அதைவிட அசட்டுத்தனமாக அவன் வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை.

"அஞ்சு வருஷமா நான் புடிக்கிற கை. எனக்குத் தெரியாதா? நிக்காஹ் அன்னிக்கு உங்க கையில மருதாணி வச்சிருந்தாங்களே, அப்பவே பாத்தேன். முப்பத்தஞ்சு வருஷமா உங்களுக்கு என்ன ஆயிடுச்சு? மடிக்கிற பைத்தியம் ஒண்ணுதான். அது அவளுக்கு வராம இருக்கணும்னு துஆ செய்யுங்க."

மத்தியானம் குழந்தை டாக்டர் வந்து, கண்ணைப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, கால்களை மடக்கி நீட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கோட்டைக் காட்டியதும் தாஜுதீனின் கையையும் வாங்கிப் பார்த்து, "அப்பா குடுத்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தாஜுதீன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். கதிர் என்ன கொடுத்ததோ என்று மாதக்கணக்கில் பயந்தவன், தான் கொடுத்ததை ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பிள்ளை தூங்கியது. அதைச் சுற்றி வந்த துண்டு கட்டில் ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. அவன் கை தன்னை அறியாமல் அதன் பக்கம் போய், நுனியைப் பிடித்து, அப்படியே நின்றுவிட்டது. ஹேங்கர் எங்கே என்று கண் தேடியது.

"மடிங்க" என்றாள் ஃபரீஹா, கண்ணை மூடிக்கொண்டே. "அது வெறும் துணிதான்."

தாஜுதீன் துண்டை நுனியோடு நுனி சேர்த்து, நாலாக மடித்து, தட்டி, பிள்ளையின் காலடியில் வைத்தான்.